பரண் ஏறப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

மார்கழி பிறந்தாலே எங்கள் உறையூர்த் தெருவில் ஒட்டடைக் கம்புகள் வெளியே வந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், போகிக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று ஒரே பரபரப்பு. அடுப்படி, பூஜை அலமாரி எல்லாம் முடிந்து கடைசியில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது பரணைத்தான். "அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஒரு பெருமூச்சு. இது நம் எல்லார் வீட்டுக் கதையும்தானே?

எங்கள் ஊர் வெக்காளியம்மனுக்கு இந்தக் கவலையே இல்லை. மண்மாரியில் உறையூர் அழிந்து ஜனங்கள் வீடில்லாமல் நின்றபோது, இவர்களுக்கெல்லாம் வீடு கிடைக்கிற வரைக்கும் எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வானமே கூரையாக உட்கார்ந்துவிட்டாள் என்பார்கள். இன்றைக்கும் கருவறைக்கு மேலே கூரை கிடையாது. கூரையே இல்லாத இடத்தில் பரண் ஏது! நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

சிரிப்பு இருக்கட்டும். பரண் என்றதும் என் இடது மணிக்கட்டு இன்றைக்கும் ஒரு தடவை வலித்துக் காட்டும். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள்தான். பட்டுத் தெரிந்துகொண்டதும், டாக்டரிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இது.

நான் விழுந்த கதை

எங்கள் மாமனார் தறி நெய்தவர். உறையூர்ச் சேலைக்கும் சுருட்டுக்கும் ஒரு காலத்தில் நல்ல பேர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டிப் பார்த்தபோது பழங்காலச் சாயத் தொட்டி ஒன்றுகூடக் கிடைத்ததாம். அப்படியென்றால் எத்தனை தலைமுறைத் தொழில் பாருங்கள்! மாமனார் காலமான பிறகு தறியைப் பிரித்து, அச்சு, நாடா, தார்க்குச்சி, ராட்டை என்று எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டார்கள். அதோடு பித்தளை அண்டா, தவலை, இரண்டு டிரங்குப் பெட்டி, பிள்ளைகளின் தொட்டில் கம்பு, கொலுப் பொம்மை, கிழிந்த பாய், ஓடாத மிக்ஸி. சொல்லி முடியாது.

நான் எப்போது "அத்தை, பரணை ஒழிச்சிடலாமா?" என்று கேட்டாலும், "இருக்கட்டும்மா, அது உன்னை என்ன பண்ணுது?" என்பார்கள். எனக்கோ கரையான் பயம், எலித் தொல்லை. ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை அத்தை கோயிலுக்குக் கிளம்பினார்கள். வீட்டுக்காரர் வேலைக்குப் போயாச்சு, பிள்ளைகள் பள்ளிக்கூடம். இதுதான் சமயம், அத்தை திரும்புவதற்குள் பாதியை இறக்கிக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று பெஞ்சின் மேல் ஸ்டூலை வைத்து ஏறினேன்.

டிரங்குப் பெட்டியை இழுத்தேன். அதன் பின்னாலிருந்து ஒரு எலி என் கையின் மேல் ஓடியது. அவ்வளவுதான், ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெட்டி என் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ. மணிக்கட்டு எலும்பு முறிந்து கை கோணலாக நின்றது. எழுந்து போய்க் கதவைத் திறக்கத் தெம்பில்லை. கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தேன், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று!

அத்தை வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் தரையிலேயே கிடந்தேன். தவழ்ந்து போய்த்தான் தாழைத் திறந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் எனக்குத் தலை வாரிவிட்டதும், சோறு பிசைந்து கொடுத்ததும் எழுபத்தெட்டு வயசு அத்தைதான். "ஏன் தனியா ஏறினே?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால் என்னைத் தள்ளிவிட்டது எலியுமில்லை, ஸ்டூலுமில்லை. அத்தைக்குத் தெரியாமல் செய்யணும் என்ற அவசரம்தான். அதனால் சகோதரிகளே, என் முதல் யோசனை இதுதான்: திருட்டுத்தனமாகப் பரண் ஏறாதீர்கள்!

ஏறுவதற்கு முன்னால்

வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இருக்கிற நாளாகப் பாருங்கள். காலையில் வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். மெழுகுவர்த்தி, விளக்கு எதையும் மேலே கொண்டுபோகக் கூடாது. டார்ச் போதும். எல்லாவற்றுக்கும் முதலில் ஃபேனை நிறுத்துங்கள். ஸ்விட்சை வேறு யாரும் போடாதபடி ஒரு துணியைக் கட்டி வையுங்கள். பரண் ஏறுகிறவர்களின் தலையும் கையும் ஃபேன் உயரத்தில்தான் இருக்கும் என்பது நமக்கு ஞாபகமே வருவதில்லை.

பெஞ்சு மேல் ஸ்டூல், கட்டில் மேல் நாற்காலி, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அக்கம்பக்கத்தில் கேட்டாவது நல்ல ஏணி வாங்கிக்கொள்ளுங்கள். சாத்துகிற ஏணியாக இருந்தால், நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடிப்பக்கம் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். எட்டடிக்கு ரெண்டடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். உச்சிப் படியில் நிற்கக் கூடாது. மின்சாரக் கம்பி தொங்குகிற பக்கம் அலுமினிய ஏணியைக் கொண்டுபோகாதீர்கள்.

சாமானை ஒரு கையில் தூக்கிக்கொண்டு இறங்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ரெண்டு கையும் ஏணியில்தான் இருக்கணும். சாமானைக் கீழே இருப்பவரிடம் எட்டிக் கொடுங்கள். கனமானது என்றால் ரெண்டு ஆள் வேலை. அண்டாவுக்குள் என்ன வைத்தோம் என்று நமக்கே மறந்திருக்கும். உள்ளே இருக்கிறதைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டு, காலி அண்டாவை இறக்குங்கள்.

இன்னொன்று. வீடுகளில் சுவரிலிருந்து நீட்டியிருக்கிற சிமெண்ட் பரண் மெல்லிசுப் பலகை மாதிரிதான். சாமான் தாங்கும், ஆள் ஏறி நடமாடுவதற்குக் கட்டினதில்லை. அடியில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், பாரத்தையெல்லாம் முதலில் இறக்கிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அந்தப் பரணுக்குக் கீழே கட்டில் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

உடுப்பு விஷயம்: புடவை கட்டுகிறவர்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொள்ளுங்கள். சுடிதார் இருந்தால் இன்னும் சௌகரியம், துப்பட்டா மட்டும் வேண்டாம். முழுக்கைச் சட்டை, தலைக்கு ஒரு துணி, கைக்கு ரப்பர் உறை, காலுக்கு மூடின செருப்பு. நான் என் மகனின் பழைய ஸ்கூல் ஷூவைத்தான் போட்டுக்கொள்கிறேன். கொரோனா காலத்தில் வாங்கின மாஸ்க் மிச்சமிருந்தால் இதற்கு நன்றாக உதவும். ஆஸ்துமா, வீசிங் இருக்கிறவர்கள் இந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மேலே யார் குடியிருக்கிறார்கள்?

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடக் கூடாது. முதலில் நீளக் கம்பால் நாலு தட்டுத் தட்டுங்கள். கொஞ்சம் பொறுங்கள். குளவிக் கூடு, எலி, பூரான், தேள் எது இருந்தாலும் அசைவு தெரியும். சாக்கு, பாய், பழந்துணி இவற்றைக் கையால் அள்ளாமல் கம்பால் இழுத்துக் கீழே தள்ளி, முற்றத்தில் உதறிப் பாருங்கள்.

பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு 101ல் சொன்னால் வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாமலே இருக்கும். "ஒண்ணுமில்லை, எறும்புதான்" என்று படுத்துவிடக் கூடாது. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978ல் இருளர்கள் தொடங்கின கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிற விஷத்திலிருந்து அந்த மருந்து தயாராகிறது என்று தெரிந்துகொண்டபோது, அவர்களை மனசுக்குள் கும்பிட்டேன்.

தேள் கொட்டினால் பெரும்பாலும் கடுப்போடு போய்விடும். ஆனால் செந்தேள் அப்படியில்லை. கொட்டினபின் உடம்பெல்லாம் வேர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டுப் போனால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. குழந்தைகளைக் கொட்டினால் அந்த அறிகுறிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

எலிப் புழுக்கை கிடந்தால் நம் கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும். அதுதான் தப்பு. உலர்ந்த புழுக்கையும் மூத்திரத் தூசியும் மூச்சோடு உள்ளே போகும். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, அதன் மேல் தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, பழைய காகிதத்தால் வழித்தெடுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ வேறு எந்தக் கழுவுகிற மருந்தையோ கலக்கவே கூடாது, மூச்சடைக்கிற நச்சுப்புகை கிளம்பும். வேலை முடிந்து ஒரு வாரம், ரெண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் "பரண் சுத்தம் பண்ணினேன், எலி இருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருந்தால் ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்துச் சரிப்படுத்திவிடலாம். மஞ்சள் காமாலை வரைக்கும் விட்டால் ஆபத்து.

துருப்பிடித்த ஆணி, தகரம் கிழித்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

இறக்கின சாமானை என்ன செய்வது?

*பாத்திரம்:* பித்தளையைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால் மட்டும் போதாது. உள்ளே ஈயப் பூச்சு போயிருந்தால் புளிக்குழம்பு, ரசம், மோர், ஊறுகாய் எதுவும் அதில் வைக்கக் கூடாது. புளிப்பு பட்டால் களிம்பு இறங்கி வாந்தி, வயிற்று வலி வரும். ஈயம் பூசுகிறவர் கிடைத்தால் பூசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அரிசி, பருப்பு போட்டு வைக்கலாம். பழைய ஈயச் சொம்பு கிடைத்தால் "ஆஹா, ரசம்!" என்று உடனே அடுப்பில் ஏற்றாதீர்கள். அது சுத்தமான வெள்ளீயம்தானா என்று தெரிய வேண்டும். காரீயம் கலந்திருந்தால் அது விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

*துணிமணி:* பிறந்த குழந்தைக்கென்று பரணிலிருந்து பழைய துணியை எடுக்கிறோம். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே போர்த்தக் கூடாது. ஒரு சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும், வெளியே தெரியாது. அந்த உருண்டையின் நெடியே அவர்களுக்கு ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும். நன்றாகத் துவைத்து, வாசனை போகும்வரை வெயிலில் காயவைத்த பிறகுதான் உபயோகிக்க வேண்டும். இனிமேல் துணிக்கு நடுவே வசம்புத் துண்டு, காய்ந்த நொச்சி இலை, வேப்பிலை வையுங்கள். பாட்டிமார் செய்ததுதானே.

*காகிதம்:* பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ், ஜாதகம் எல்லாம் செய்தித்தாளுக்கு நடுவேதான் ஒளிந்திருக்கும்.

ஓலைச்சுவடி கிடைத்தால்? உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது இந்தப் பரண்களுக்காகத்தானே! கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதான ஏடுகளை ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் எவ்வளவு துடித்தார் என்பதைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய குரு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நம்ம திருச்சிப் பக்கத்து அதவத்தூரில் 1815ல் பிறந்தவர். அதனால் நமக்கு இந்த விஷயத்தில் கூடுதல் கடமை உண்டு. படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஏட்டைக் கட்டாயமாகப் பிரிக்காமல், ஈரத்துணியால் துடைக்காமல், ஒரு சுத்தமான பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இவற்றில் கேட்டால் என்ன ஏடு என்று பார்த்துச் சொல்வார்கள். பழைய புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைக்குக்கூட மதிப்புண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் இப்படிச் சேர்த்து வைத்ததுதான் இன்று சென்னையில் 1994 முதல் பெரிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

*ஆபத்தான சாமான்:* தீபாவளிக்கு மிச்சமான வெடி, மண்ணெண்ணெய் டின், பெயிண்ட், உப்பிப்போன செல்போன் பேட்டரி, பழைய பூச்சிமருந்து டப்பா. இவற்றைப் பரணில் வைக்கவே கூடாது. வெடியைத் தண்ணீர் வாளியில் ஊறவைத்து, பிறகு குப்பைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். அந்தக் காலத்தில் எறும்புக்கும் பாச்சைக்கும் தூவின வெள்ளைப் பொடி ஏதாவது பேரில்லாத டப்பாவில் இருந்தால் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். கமாக்சின் என்று தூவினோமே, அந்த பி.எச்.சி. பொடியை 1997லேயே தடை பண்ணியாகிவிட்டது. டப்பாவோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, விஷம் என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். மருந்து டப்பாவைக் கழுவி மளிகை போட்டு வைப்பது மகா தப்பு.

*போகித் தீ:* நம் பாட்டி காலத்தில் கோரைப்பாயும் விளக்குமாறும் எரிந்தன. இப்போது எரிவது பிளாஸ்டிக்கும் டயரும் ரெக்சினும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. விமானத்துக்கே அந்தக் கதி என்றால், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு எப்படி இருக்கும்? விதிப்படி குப்பையை வெளியில் போட்டு எரிப்பதே தப்பு. மட்குவது, மட்காதது என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஓடாத மிக்ஸி, டிவி இவற்றைத் தனியாகக் கொடுங்கள்.

அடுத்த மார்கழியில்

என் கை சரியான அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் ஏணியில், மகன் கீழே பிடித்துக்கொண்டு, நான் வாங்கி வைக்கிற ஆள். அத்தைக்குக் கூடத்தில் தூசி படாத மூலையில் ஒரு நாற்காலி போட்டேன். "அத்தை, நீங்க சொல்றதுதான். வைக்கிறதா, கொடுக்கிறதா, போடுறதா?" என்றேன்.

ஒவ்வொரு சாமானாக முன்னால் கொண்டுவந்தோம். நான் நினைத்ததற்கு நேர்மாறாக, அத்தை கடகடவென்று தீர்ப்புச் சொன்னார்கள். "அந்த அண்டா யாருக்கு வேணும்? உன் நாத்தனாருக்குக் கொடு. இந்தத் தவலை ஓட்டை, போடு. மிக்ஸியா? எப்பவோ போட்டிருக்கணும்!" தொட்டில் கம்பைத் தெருக்கோடியில் குழந்தை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். தறி அச்சு கரையான் அரித்துப் போயிருந்தது. அதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, எடுத்துட்டுப் போ" என்றார்கள்.

நாடாவை மட்டும் கொடுக்கவில்லை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்கள். மாமனார் விரல் பட்டுப் பட்டு மரமே வழவழவென்று இருந்தது. "இது ஒண்ணு இருக்கட்டும்மா. இது என்ன இடத்தை அடைக்கப் போகுது?" என்றார்கள்.

இவ்வளவு வருஷம் அத்தை பரணை விடமாட்டார்கள் என்று நினைத்தேனே, அவர்கள் விடாமல் வைத்திருந்தது இந்த ஒரு முழம்கூட இல்லாத நாடாவைத்தான். நான் கேட்டதெல்லாம் "ஒழிச்சிடலாமா?" என்றுதான். "எது வேணும் அத்தை?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது அந்த நாடா பூஜை அலமாரியில், மாமனார் படத்துக்குக் கீழே இருக்கிறது. பரணில் இருப்பது கொலுப் பெட்டி ரெண்டு, பேர் எழுதி ஒட்டின டிரங்குப் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தடவை துடைத்தால் ஒரு மணி நேர வேலை.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், இந்த மார்கழியில் ஏணியைத் தேடுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு நாற்காலியைப் போடுங்கள். எலும்பும் பிழைக்கும், மனசும் பிழைக்கும்.